நூறு பேரில் அம்மா யார்?

மார்ச் 4

இன்று ஆபீஸில் சாலைக் குழிகள். படத்தில் குழி எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றிக் கோடு போட வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பார்த்துக் கணினி தானே குழியை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுமாம். இதுதான் என் வேலை. சாயங்காலத்துக்குள் கண் எரிந்து, நிழல் எது, குழி எது என்று தெரியாமல் இஷ்டத்துக்கு வளைத்துவிட்டேன். ஒருத்தனும் கேட்கவில்லை.

அம்மா இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. "ரெண்டு வாய்லயே நெஞ்சு வரைக்கும் அடைச்சுக்குதுடி." டாக்டரிடம் போகத் துணிக்கடையில் அரை நாள் லீவு கேள் என்றால் முறைக்கிறாள்.

மார்ச் 15

அம்மாவுக்கு வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்த சதையைச் சோதித்த முடிவு வந்துவிட்டது. புற்றுநோய். இரைப்பையில்.

வேறு எதுவும் எழுத வரவில்லை.

மார்ச் 22

அறுவை மருத்துவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம், ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். இரைப்பைச் சுவர் ஒரு பக்கம் ரொம்பத் தடித்திருக்கிறதாம். கத்தி வைப்பதற்கு முன்பே, படத்தை மட்டும் வைத்து, ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்புமா என்று ஒரு கணினி கணக்குப் போடுகிறது. அம்மாவுக்கு 'அதிக ஆபத்து'. இவளைப் போன்ற நூறு பேரில் எழுபது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் திரும்ப வருமாம்.

"அதனால உடனே வெட்ட வேணாம். முதல்ல மருந்து ஏத்துவோம். சுருங்குச்சுன்னா ஆபரேஷன்."

"சுருங்கலன்னா?" என்றான் அண்ணன்.

"அப்ப பார்ப்போம்."

அம்மா மட்டும் சிரித்தாள். "மிஷினு ஜோசியமெல்லாம் சொல்லுதா? அப்படியே இவளுக்கு எப்ப கல்யாணம்னு கேளுங்க டாக்டர்."

எழுபதில் அம்மா இருக்கிறாளா, மீதி முப்பதிலா? அது தெரியாதாம். பிறகு எதற்கு இந்தக் கணக்கு?

மார்ச் 23

அந்தக் கணினிக்கும் யாரோ கோடு போட்டுத்தானே கற்றுக்கொடுத்திருப்பார்கள்? பெரிய டாக்டர்களாகவே இருக்கட்டும். அவர்களுக்குச் சாயங்காலம் கண் எரியாதா?

மார்ச் 24

அண்ணனோடு சண்டை. "மருந்துன்னு இழுத்தடிச்சா அது பாட்டுக்கு வளரும். இப்பவே வெட்டித் தூக்கிப் போடச் சொல்லு."

"நீ டாக்டரா?" என்றேன்.

"நீ டாக்டரா?" என்றான்.

இரண்டு பேருமே இல்லை. அதுதானே பிரச்சினை.

மார்ச் 26

காலையில் துணி மடித்துக்கொண்டே, பேச்சுவாக்கில் அம்மா சொல்கிறாள். ஸ்கேனுக்கு முன் குடிக்கச் சொல்லி ஒரு பெரிய ஜாடித் தண்ணீர் கொடுத்தார்களாம். இரண்டு மடக்கு குடித்துவிட்டு மிச்சத்தைக் கை கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டாளாம்.

"ஏம்மா?"

"அவ்வளவும் குடிச்சு நடுவுல ஒண்ணுக்கு வந்துட்டா? அந்த மிஷினுக்குள்ள இருந்து எந்திரிச்சு ஓட முடியுமா?"

"குடிச்சீங்களான்னு கேக்கலையா?"

"ஸ்கேன் எடுக்கிற பொண்ணு கேட்டா. ஆமான்னுட்டேன். பாவம், அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு வேலை."

இருபது வருஷமாகத் துணிக்கடையில் நிற்கிறாள். உட்காரக் கூடாது. கழிவறைக்குப் போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பான். அந்தக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. தாகத்தை அடக்கத் தெரிந்தவள்தான் அங்கே நல்ல வேலைக்காரி. த்தூ. அந்தப் பழக்கத்தை ஸ்கேன் அறைக்குள்ளும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

சரி, அந்தத் தண்ணி எதுக்கு? முக்கியமா, சும்மாவா? சொன்னா அம்மாவைத் திட்டுவாங்களா? சொல்லாம விட்டா?

மார்ச் 27

சொல்லிவிட்டேன். மருத்துவர் திட்டவில்லை. பழைய படத்தைத் திரையில் மறுபடி திறந்து பார்த்தார்.

"வயிறு சுருங்கிக் கிடந்தா சுவர் மடிஞ்சு தடிப்பாத்தான் தெரியும். தண்ணி நிரம்பி விரிஞ்சாதான் கட்டி எவ்வளவு ஆழம்னு தெரியும். சரியா விரியலன்னு நானும் கவனிச்சிருக்கணும்."

திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 1

மறுபடி ஸ்கேன். ஜாடி காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றேன். பெற்றவளுக்கே போலீஸ்காரி. மெல்ல மெல்லக் குடித்து முடித்து, "திருப்தியாடி?" என்றாள்.

ஏப்ரல் 3

'நடுத்தர ஆபத்து.' நூறில் முப்பத்தைந்து பேருக்குத்தான் திரும்புமாம். முதலில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் மருத்துவர்.

அண்ணன் குதிக்கிறான். எனக்குக் குதிக்க வரவில்லை. ஒரு ஜாடித் தண்ணீரில் முப்பத்தைந்து பேர் பிழைத்துவிட்டார்களா? நோய் அதேதானே? அம்மாவும் அதே அம்மாதானே? முன்னாடி சொன்னதை நம்பிப் பயந்தேன். இப்ப சொல்றதை நம்பிச் சிரிக்கணுமா? இன்னும் எதைக் கொட்டிட்டு வந்திருக்கோம்? தெரியல. ஒண்ணுமே தெரியல.

ஏப்ரல் 11

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் வெளியே வந்துவிட்டாள். மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்கிறாள்.

ஏப்ரல் 20

வெட்டி எடுத்ததைச் சோதித்துவிட்டார்கள். கட்டி சுவரைத் தாண்டவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த நிணநீர் முடிச்சுகள் மூன்றில் நோய் இருக்கிறது. இரண்டு படத்திலும் அது தெரியவே இல்லை. ஆகவே மருந்தும் உண்டு.

"அப்ப மிஷின் சொன்னது சரியா, தப்பா?" என்றேன்.

"பாதி" என்றார் மருத்துவர்.

ஜூலை 9

மருந்தால் அம்மாவுக்கு விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. நான்தான் பட்டன் போட்டுவிடுகிறேன். கடையிலிருந்து போன். வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். இருபது வருஷத்துக்கு ஒரு போன்.

மே 6, இரண்டு வருஷம் கழித்து

நடுவில் எழுதவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற குரல். கணினி போட்ட கணக்குச் சரியாக வந்ததா என்று பார்க்க, ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டுக்கெல்லாம் இரண்டு வருஷம் முடிந்ததும் கேட்கிறார்களாம்.

"பேஷன்ட்... இருக்காங்களா?"

அந்த இடத்தில் அவளுக்கே குரல் தடுக்கியது. இன்று எத்தனை வீட்டில் என்னென்ன பதில் கேட்டாளோ.

அம்மாவுக்குப் போன வாரம் எடுத்த ஸ்கேனுக்கு இன்னும் முடிவு வரவில்லை. இருக்கிறாள் என்றால், எந்தக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்?

"யாருடி அது? வாயைத் திறந்து பேசேன்." அம்மா ஈரக் கையோடு வந்து போனைப் பிடுங்கினாள். அந்தப் பெண் அதையே திரும்பக் கேட்டிருக்க வேண்டும்.

"நான்தாம்மா பேசுறேன். சொல்லு, என்ன வேணும்?"