நான்காம் மாடிக் கதவில் தொங்கிய பால்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

மூன்றாம் மாடி வீட்டுப் பெண் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க நினைத்தேன். நான் தாத்தா என்று கூப்பிடும் உங்கள் அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது அப்படி எழுதக் கை வரவில்லை. நீங்களாவது அங்கே சுகமாக இருக்க வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். போனிலேயே சொல்லேன் என்றாள் அம்மா. போனை வாங்கினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

உங்கள் கடிதமும் பூப்போட்ட துணியும் வந்தன. துணியை இன்னும் பிரிக்கவில்லை. நீ பக்கத்தில் இருக்கும்போது எனக்கென்ன கவலை, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன், அடுத்த வருடம் லீவு கிடைத்ததும் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் செய்ததையெல்லாம் தாத்தா உங்களிடம் பெரிதாகச் சொல்லியிருக்கிறார். அதில் ஒன்றும் இல்லை, அக்கா. சட்டையின் சின்னப் பித்தான்கள் அவர் விரலுக்குள் நிற்கவில்லை. நான் வேலை செய்யும் தையல்கடையில் மிஞ்சிய பெரிய கோட்டுப் பித்தான்களைத் தைத்துக் கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியட்டும் என்று படி விளிம்புகளில் சிவப்புத் துணி ஒட்டினேன். பிறகு அந்தப் பால்.

உங்களுக்கே தெரியும், பால் பாக்கெட்டைக் கீழே வாசல் கேட்டில் இருக்கும் பெட்டியில்தான் போடுவார்கள். தாத்தா தினமும் ஆறு மணிக்கு நான்கு மாடி இறங்குவார். பஸ் ஓட்டிய பழக்கம் போகாமல், படி திரும்பும் இடத்திலெல்லாம் வாயாலேயே ஹாரன் அடிப்பார். பால்காரர் கீழே இருந்து, வண்டி வருது, எல்லாரும் ஓரமா நில்லுங்க என்று கத்துவார். கீழ்த்தளத்துத் தையல்கடை அண்ணன், பிரேக் பிடிக்குதா பெரியவரே என்று கேட்பார். உன் மெஷினை விட நல்லாவே பிடிக்குது என்று தாத்தா திருப்பிக் கொடுப்பார். மழைக்காலத்தில் அவருக்கு முழங்கால் வீங்கியது. அப்போதிருந்து தினமும் பாலை நானே கொண்டுபோய் அவர் கதவுக் கைப்பிடியில் பையோடு மாட்டிவிட்டு வந்தேன். மணி அடிக்கவில்லை. அடித்தால் பேச வேண்டுமே. ஒரு வாரம் கழித்துக் காலிப் பையில் சீட்டு ஒன்று இருந்தது. யாரம்மா நீ, பூனையா என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து நான் பூனை. அவருக்குக் கீழே இறங்கும் வேலையும் இல்லாமல் போயிற்று.

நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒரு நாளில் நாலு பேர் அவரைப் பார்க்கிற அந்த ஒரு நேரத்தை நான் எடுத்துவிட்டேன் என்பது புத்தியில் படவில்லை.

இனி எழுதப்போவதை எழுதக் கூடாது என்று தாத்தா என்னிடம் கை நீட்டிச் சத்தியம் வாங்கியிருக்கிறார். விழுந்த அரை மணியில் பூனை வந்துவிட்டாள் என்று உங்களிடம் சொன்னாரே, அது பொய். இரண்டு நாளுக்கு மேல் கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பை மாட்டும்போது கதவைத் திறந்து, உள்ளே வந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போ என்றார். எனக்கு வெட்கம். தலையை ஆட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன். திங்கட்கிழமை பால் மாட்டினேன். செவ்வாய்க்கிழமை போனால் அந்தப் பாக்கெட் அப்படியே தொங்கியது. டீயை மறுத்ததால் கோபம், என் பால் வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். நினைக்கத் தோன்றியது அதுதான், அக்கா. பழையதை எடுத்துக்கொண்டு புதியதை மாட்டினேன். புதன்கிழமையும் அதையே செய்தேன். இரண்டும் மூன்றுமாகத் தொங்கியிருந்தால் எதிர்வீட்டு டீச்சராவது என்ன ஏது என்று கேட்டிருப்பார். நான்தான் சுத்தமாக எடுத்து எடுத்து வைத்தேன்.

புதன்கிழமை மணிப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே மெல்லிய குரல் கேட்டது. ரேடியோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று விரலை எடுத்துவிட்டேன்.

மத்தியானம் பால்காரர் சட்டை வாங்கக் கடைக்கு வந்தார். என்னம்மா, நம்ம ஹாரன் ஊர்ல இல்லையா, ஆளையே பார்க்க முடியல என்றார். அந்த மூன்று நாள் பாலைப் பற்றி அப்போதுதான் வாய் திறந்தேன். அண்ணன் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினார். பூட்டை உடைத்தோம். தாத்தா குளியலறை வாசலில் இடுப்பு ஒடிந்து கிடந்தார். கைக்கு எட்டிய வாளியிலிருந்து தண்ணீர் அள்ளிக் குடித்திருக்கிறார். ரேடியோ பரண் மேல் தூசியோடு இருந்தது. நினைவு தப்பக் கூடாது என்று, தான் ஓட்டிய பஸ்ஸின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கடைசி நிறுத்தம் வந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. நான் கேட்ட குரல் அதுதான்.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ சின்னப் பொண்ணு, இதை என் மக கிட்ட சொல்லாதீங்க என்று அண்ணனிடமும் சொல்லிவிட்டார். உங்களுக்கு வேலை போய்விடும், உங்களை அலைக்கழிக்கக் கூடாது என்பதும் அவர் கவலை. ஆனால் நேற்று நர்ஸ் தலை வாரிவிட்டபோது அவளை உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் முதல் வாரம் வீட்டுக்கு அனுப்புவார்களாம். எழுந்து நிற்கவே ஒரு ஆள் பிடிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்குக் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை கடை. இருந்தாலும் முடிந்ததெல்லாம் செய்வேன். மணியும் அடிப்பேன், தினமும் அடிப்பேன். ஆனால் என்னை நம்பி நீங்கள் அங்கே நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டு நாள் அந்தக் கதவுக்கு வெளியே வந்து நின்று திரும்பிப் போனவள் நான்.

துணியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், நீங்களே வந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தாத்தாவிடம் சத்தியத்தை மீறியதைச் சொல்லிவிடுவேன். நீங்கள் என்னைத் திட்டுவீர்கள், திட்ட வேண்டும். கடிதத்தில் திட்ட வேண்டாம். என்னைத் திட்டுவதற்காகவாவது ஒரு முறை வந்துவிடுங்கள், அக்கா.

இப்படிக்கு,
உங்கள் அப்பா வீட்டுக்குக் கீழ்வீட்டுப் பெண்