சம்மணம் போடக் கூடாத மாப்பிள்ளை

ஏப்ரல் 7, திங்கள்

காலையிலேயே வெயில். குனோங் ராபாட்டில் பாதிப் பேருக்கு மலை நிழல் கிடைக்கிறது, எங்கள் வரிசைக்கு மட்டும் இல்லை. முட்டிக்கு மாட்டிவிட்ட இரும்புப் பிரேஸுக்குள் கால் வேகிறது. அரிப்பு தாங்காமல் பேனாவை உள்ளே விட்டுச் சொறிந்தேன். இந்தப் பேனாதான்.

முட்டி: வீக்கம் குறைந்திருக்கிறது. மேல் காயம் காய்ந்துவிட்டது. உள்ளே போட்ட தையல் எப்படி இருக்கிறதென்று எவனுக்கும் தெரியாது.

பயிற்சி: தொடையை இறுக்கிப் பிடிப்பது. காலை நேராகத் தூக்குவது. குதிகாலை இழுத்து மெல்ல மடக்குவது, தொண்ணூறு டிகிரி வரை மட்டும். மூன்றும் செய்தாயிற்று. மூன்றும் வெறுப்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். மே 25 என் கல்யாணம், மணவறையில் ஒரு மணி நேரமாவது சம்மணம் போட்டு உட்கார வேண்டும், முடியுமா? அவர் சீனர். சம்மணம் என்றால் என்னவென்று உட்கார்ந்து காட்டவும் முடியாதே, போனில் யாரோ ஒருவரின் கல்யாணப் படத்தை எடுத்துக் காட்டினேன். பார்த்த உடனே தலையாட்டினார். கூடாது. குந்தவும் கூடாது. பல மாதத்துக்கு அந்த நினைப்பே வேண்டாம். தைத்திருப்பது ஜவ்வு, சட்டைத் துணி இல்லை.

நான் லிப்ட் டெக்னீஷியன். போன மாதம் லிப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் குந்தி ஒரு போல்ட்டைப் பார்த்துவிட்டு, எழுந்து திரும்பினேன். அவ்வளவுதான். விழவில்லை, எதுவும் மேலே விழவுமில்லை. முட்டி பாதி மடங்கின நிலையில் பூட்டிக்கொண்டது. விழுந்திருந்தாலாவது சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். அந்த வாரம்தான் கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்னாடா சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க."

அதற்கு மேல் வாய் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மத்தியானமே வானம் இருட்டி, இடி. சிலிம் ரிவரிலிருந்து, நான் கட்டப்போகிற ஷர்மிளாவின் தாய்மாமா வந்தார், மழைக்கு முன்னால் காடியை வாசலிலேயே ஏற்றி நிறுத்தினார். ஷர்மிக்கு அப்பா இல்லை. கல்யாணத்தை நடத்துவது இவர்தான். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்துக் கிராணி. யாருக்கு வேலை, யாருக்குச் சம்பளம் என்று ஆபீஸில் உட்கார்ந்து எழுதினவர். என் அம்மா பிறந்தது அதே தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பால்மரம் வெட்டினவர் மகளாக. தோட்டம் போய் செம்பனை வந்து, அதுவும் போய் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்தாயிற்று. இன்னும் அவர் எதிரில் அம்மா நாற்காலியில் உட்கார மாட்டாள். எங்கள் வீடு, நாங்கள் வாங்கின நாற்காலி. நின்றபடியே தேத்தண்ணி கொடுத்தாள்.

"என்னா தம்பி, கால்ல இரும்புலாம் மாட்டி ரோபோட் மாதிரி இருக்கீங்க?"

சிரித்து வைத்தேன்.

"மணவறையில உக்காந்துருவீங்கல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "உக்காந்துருவான் ஐயா. நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

சம்பந்தியை ஐயா என்கிறாள். அதைவிட, என் பொய்யை என் கண் முன்னாலேயே அடுத்தவருக்குக் கொடுக்கிறாள். தடுக்கவில்லை.

"இல்லன்னா இப்பவே சொல்லிருங்க. நாற்காலியில உக்காந்து தாலி கட்ட அது என்னா கிளினிக்கா? கிராணி வீட்டுப் பொண்ண நொண்டிக்குக் குடுத்துட்டான்னு நாலு பேரு பேசுவான். இந்த முகூர்த்தம் விட்டா பொண்ணு ஜாதகத்துல நேரம் சரியில்ல. தவறிச்சின்னா நான் வேற எடம்தான் பாக்கணும். ஒடைச்சிப் பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வாரேன்."

இனி இவர் பெயர் கி.மா. முழுசாக எழுத மனசு வரவில்லை.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். வெகு நேரம்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ் வருஷப் பிறப்பு. அம்மா பாயசம், வடை. பிசியோ இல்லை, விடுமுறை மாதிரி ஒரு நிம்மதி. பத்து மணிக்கு மேல் செமோரிலிருந்து ஷர்மி மோட்டார் பைக்கில் வந்தாள். புதுச் சேலையைத் தூக்கிச் செருகி, அதற்கு மேல் ஜாக்கெட். கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. ஓட்டை இருந்தால் தூக்கிப் போட்டுவிடுவாள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள்.

அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். டாக்டர் கூடாது என்றார் என்று.

"அப்ப நாற்காலி போட்டுக்கலாம் லா. இதுல என்னா சுசா, என்னா கஷ்டம்?"

"ஒங்க மாமா வேற எடம் பாப்பேன்னு சொல்லிட்டுப் போறாரு."

"மாமா சொல்லுவாரு. நான் ஐயர்கிட்ட கேக்குறேன். மந்திரம் சொல்றவரே சரின்னா, மாமா என்னா சொல்ல முடியும்?"

"வேணாம். ஊரெல்லாம் போய் கேட்டு மானத்த வாங்காத. நான் உக்காருவேன்."

"எப்படி? முட்டிய வீட்டுல வச்சிட்டு வந்தா?"

சத்தமாகச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. கத்திவிட்டேன். பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். அம்மா அடுப்படியிலிருந்து, "நல்ல நாளும் அதுவுமா ஏண்டா?"

வடை நாலு தின்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். படிப்படியாகப் போனால் எந்தப் பொருளும் வளையும். டாக்டர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு சொல்கிறார்கள், எழுபது வயதுக்காரருக்கும் எனக்கும். பாதுகாப்புக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். நாங்களும் லிப்டில் அப்படித்தான் எழுதி ஒட்டுகிறோம்.

அம்மா வேலைக்குப் போனதும் கதவைச் சாத்தினேன். பிரேஸைக் கழற்றினேன். கட்டில் மேல் தலையணைகளை அடுக்கி, அதன் மேல் உட்கார்ந்து, காலை மெல்ல உள்பக்கம் கொண்டுவந்தேன். போன் ஆப் கோணம் காட்டுகிறது. தொண்ணூறு தாண்டியது. வலி இருக்கிறது, ஆனால் தாங்கும். நூறும் தாண்டியது.

வழி கிடைத்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. உட்காருவேன்.

மத்தியானம் பிசியோ. கவனிக்கிற மலாய் அக்கா முட்டியைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதே, என்ன செய்தாய் என்றார். நடந்தேன் என்றேன். "ஜாஙான் பக்சா" என்றார். வற்புறுத்தாதே. இந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அவர் சொல்லலாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

படுத்தபடி எழுதுகிறேன்.

அம்மா கோயிலுக்குப் போனாள். தலையணைகள் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்ததில் இன்று தரை. பூஜைக்கு உட்காரும் பலகையை எடுத்துப் போட்டேன், மணவறை உயரத்தில்தான் இருக்கும் என்று. நல்ல காலை முதலில் மடக்கி, இதை மேலே. உட்கார்ந்துவிட்டேன். உண்மையாகவே உட்கார்ந்துவிட்டேன். முதுகு நேர். இரண்டு கையையும் தாலி கட்டுகிற மாதிரி முன்னால் நீட்டிக்கூடப் பார்த்தேன். பைத்தியக்காரன்.

முன்னால் சாய்ந்தபோது உள்ளே ஒரு சத்தம். வெளியே கேட்கவில்லை, எலும்பு வழியாகக் கேட்டது. ஈரக் கயிறு அறுந்த மாதிரி. பிறகு வலி. பிறகு கால் நீளவில்லை. தள்ளினேன், இழுத்தேன், நீளவில்லை. அதே பழைய பூட்டு.

லிப்டில் பாரம் கூடினால் மணி அடித்துக் கதவு மூடாமல் நிற்கும். முட்டிக்கு ஒன்றும் வைக்கவில்லை.

தரையிலிருந்து எழ முடியவில்லை. போன் கட்டில் மேல். பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து எடுத்து, கூட வேலை செய்யும் குமாரைக் கூப்பிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தவன், "என்னா மச்சான், தவமா பண்ற?" என்றான். என் முகத்தைப் பார்த்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டான். பலகையையும் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தான். நான் சொல்லாமலே.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா முட்டியைக் கையில் பிடித்ததுமே கண்டுபிடித்துவிட்டார். என்ன செய்தாய்? சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இரண்டு வழி:

ஒன்று, கிழிந்து உள்ளே மாட்டியிருக்கும் துண்டை வெட்டி எடுப்பது. சில வாரத்தில் நடப்பேன். கல்யாணத்துக்கு உட்காரக்கூட முடியலாம். ஆனால் மெத்தை போய்விடும், எலும்பும் எலும்பும் உரசும். ஏணி ஏறுகிற வேலையை எத்தனை காலம் பார்ப்பேன் என்று சொல்ல முடியாது.

இரண்டு, திரும்பத் தைப்பது. உள்ளே ஜவ்வு தைக்கிற நிலையில் இருந்தால் மட்டும். மறுபடி பிரேஸ், மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தையல் பிடிக்கும் என்று உறுதியும் இல்லை.

வெட்டுங்கள் என்றேன், அவர் பேசி முடிப்பதற்கு முன்பே. பேனாவை மூடிவிட்டார். வீட்டுக்குப் போ, யோசி, 29ஆம் தேதி வார்டில் சேரும்போது சொல் என்றார்.

என்ன யோசிக்க? மே 25.

ஏப்ரல் 24, வியாழன்

மழை. ஷர்மி நனைந்துகொண்டே வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"நீ வேணாம்னு சொன்ன, நான் ஐயர்கிட்ட கேட்டேன். அவரு சிரிக்கிறாரு. முட்டி வலி மாப்பிள்ளை இப்ப நெறைய பேரு வாராங்களாம். பொண்ணுக்கும் சேத்து ஒரே ஒசரத்துல ரெண்டு நாற்காலி, அவ்ளோதானாம். மாமாவையும் பேச வச்சிட்டேன். மூஞ்ச தூக்கிட்டுத்தான் சரின்னாரு. போலே லா, நடக்கும்!"

அப்போதுதான் காலைப் பார்த்தாள். தலையணை மேல் கோணலாக மடங்கிக் கிடந்த காலை.

சொன்னேன். பலகை, சத்தம், எல்லாம். வெட்டப் போகிறேன் என்பதையும்.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"எப்ப ஆச்சி?"

"ஞாயித்துக்கெழம."

"நாலு நாளா தெனம் போன்ல பேசுறேன். சாப்பிட்டியான்னு கேக்குறேன். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொன்ன."

"உனக்காகத்தான்..."

"எனக்காக இல்ல. மாமா முன்னாடி நீ ஜெயிக்கணும். அதுக்கு முட்டிய ஒடச்ச. இப்ப தேதிக்காக வெட்டிப் போடுறேங்குற. நான் கேட்டனா?"

"நாற்காலி சரின்னுட்டாங்களே, அப்ப தைச்சிக்கிட்டே மே 25..."

"நாற்காலி சரி. நீ சரியில்ல."

ஹெல்மெட்டை எடுத்தாள். "மே 25 வேணாம். ஆவணியில பாப்போம். மண்டபத்துக்கு நான் பேசிக்கிறேன். ஜாதகத்த மாமா பாத்துக்கட்டும்."

"ஆவணியில நீ..."

"தெரியல. ஒன்னால பொறுமையா இருக்க முடியுமான்னு பாக்குறேன். முடியலன்னா இப்பவே தெரிஞ்சிக்கிறது நல்லது."

போய்விட்டாள். துவட்டிக்கொள்ள அம்மா எடுத்துவந்த துண்டு அம்மா கையிலேயே.

ஏப்ரல் 27, ஞாயிறு

வெயில் இல்லை, மழையும் இல்லை. புழுக்கம்.

ஷர்மி போன் எடுக்கவில்லை. மெசேஜ் பார்க்கிறாள், பதில் இல்லை.

பேனா பிடிக்கவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. கழிப்பறைக்குப் போகவே யாராவது வேண்டும். மடங்கின காலோடு ஒற்றைக்காலில் குதித்துப் போகிறேன், சின்ன வயதில் நொண்டி விளையாடின மாதிரி. முட்டியை அறுத்து வெளியே வீசலாம் போல இருக்கிறது. வீசினாலும் இது போகாது.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான்தான ஒக்காந்துருவான்னு சொன்னேன். அதனாலயாடா?"

"இல்லம்மா."

"அவரு கேட்டதும் வாய் தானா வந்துருச்சி. சின்னதுலேருந்து அவரு கேட்டா ஆமாங்க ஐயான்னு சொல்லியே..."

"உன்கிட்ட பொய் சொன்னது நான்."

அழுதாள். அவள் முதுகில் கை வைத்தேன். எப்படி இவ்வளவு மெலிந்தாள்?

மாலை குமார் கடையில் கோப்பி தாபாவ் பண்ணி, பையில் கட்டிக்கொண்டு வந்தான். வெட்டவா தைக்கவா என்று கேட்டேன். "நான் என்னாத்த சொல்ல மச்சான்? ஆனா ஏணியில நீ இல்லாம எவன்கூட வேலை பாக்குறது? புதுசா வந்தவன் பாட்டாவே பாடிக்கிட்டு இருக்கான், காது போச்சி."

ஏப்ரல் 29, செவ்வாய்

வார்டு. ஜன்னல் பக்கம் கட்டில், அது ஒன்றுதான் நல்லது. பக்கத்தில் இடுப்பு உடைந்த மலாய்க்காரர், ஓயாமல் மருமகனைத் திட்டுகிறார்.

காலையில் கி.மா.வுக்கு நானே போன் போட்டேன்.

"மே 25 இல்ல மாமா. ஆவணி."

"யாரு முடிவு?"

"ஷர்மி முடிவு. இப்ப என் முடிவும்."

"நீங்களே முடிவு பண்ணிக்கிட்டா நான் எதுக்கு?"

"ஆவணியில வந்து முன்னாடி நில்லுங்க. நடந்தா."

போனை வைத்துவிட்டார். மரியாதைக் குறைவாகப் பேசினேனா? பேசியிருக்கலாம். அதற்கெல்லாம் கவலைப்பட மனசில் இடமில்லை.

டாக்டரம்மா வந்தார். முடிவு செய்தாயா? தையுங்கள் என்றேன். தைக்க முடியாவிட்டால்? அப்போது வெட்டுங்கள். உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும், நீ எழுந்த பிறகுதான் உனக்குத் தெரியும் என்றார். சரி என்றேன். சரியில்லை. பயமாக இருக்கிறது. போன தடவை இப்படி இல்லை.

ஷர்மிக்கு எழுதினேன்: நாளைக்குக் காலையில ஆபரேஷன். தைக்கச் சொல்லியிருக்கேன். முடியுமான்னு தெரியல.

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஏப்ரல் 30, புதன்

மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. எழுத்து கோணுகிறது. வாயெல்லாம் பஞ்சு.

கண் திறந்ததும் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, கேட்க ஆள் இல்லை. வெட்டியிருந்தால் வெறும் கட்டு. தைத்திருந்தால் பிரேஸ். போர்வைக்குள் கையை விட்டேன். தொடையின் மேல்பக்கம் வரைக்கும்தான் எட்டியது. துணி. துணி. அதற்குக் கீழே எட்டவில்லை. தலையைத் தூக்கினால் சுற்றுகிறது. பக்கத்துக் கட்டில் மலாய்க்காரரிடம் கேட்டேன். தன் தடியை நீட்டி என் போர்வையை விலக்கினார்.

இரும்பு. நடுத்தொடையிலிருந்து கணுக்கால் வரை. நேராகப் பூட்டி.

அழுதேன். "சாக்கிட்?" என்றார். வலிக்கவில்லை என்று தலையாட்டினேன்.

போனை எடுத்து, ஒரு விரலால்: தைச்சிட்டாங்க.

உடனே பதில்.

மடக்காத.