மேசைக்குக் கீழே இருந்த மிஸ்

யூன் 8, திங்கள்

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. மூன்று தரம் கூட்டியும் லப்டொப்பின் மேல் மணல். யன்னலைச் சாத்தினால் வேக்காடு, திறந்தால் மணல். ஈரத்துணியால் துடைத்துவிட்டு இருந்தேன்.

ஒரு மணிக்கு ஒன்லைன் தமிழ் வகுப்பு. மாயா ஆறு நிமிடம் பிந்தி வந்தாள். மெல்பேர்ணில் இப்போதே இருட்டத் தொடங்கிவிடுமாம். தாய் பின்னால் நின்று, "மிஸ்ஸுக்கு வணக்கம் சொல்லுங்கோ" என்றா. சொல்லவில்லை. தாய் விலகிப் போன பிறகுதான், மெதுவாக:

"மிஸ், இண்டைக்குக் கழுதை வந்ததா?"

"இன்னும் இல்லை. வரும்."

முதல் இரண்டு கிழமையும் ஒரு சொல் பேசாத பிள்ளை. ஏழு வயது. நானும் பேசாத ஆள். என் பக்கம் கமரா இல்லை, திரையில் கறுப்புப் பெட்டிதான். நான் வாசிப்பேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் வேலிக்கு வெளியே கழுதை கத்தியது. சத்தம் வந்தால் வகுப்பு நடத்தும் கொம்பனி புள்ளி குறைக்கும் என்று மைக்கை நிறுத்தப் போனேன். அதற்குள் அவள் சிரித்துவிட்டாள். "மிஸ், அது என்ன?" முதல் பேச்சு அதுதான். அன்றைக்கு அது கத்தியதை இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். இப்போது தமிழில் இருபது வரை எண்ணுவாள்.

அதனால் வகுப்பு நாட்களில் வேலியடியில் வத்தகப்பழத் தோல் வைக்கிறேன். காது கிழிந்த ஒன்று நேரத்துக்கு வரும். அப்பாவுக்குச் சிரிப்பு. "ஊரில எல்லாரும் கழுதையைத் துரத்துறாங்கள். நீ விருந்து வைக்கிறாய். அதுக்கும் டியூசனோ, பிள்ளை?"

இன்று ஏழு தரம் கத்தியது. மாயா தனியாக எண்ணினாள்.

பின்னேரம் கொம்பனியின் மெயில். அடுத்த திங்களில் இருந்து ஆசிரியர்கள் எல்லாரும் கமரா போட வேண்டும். முதல் நாள் சுப்பர்வைசர் வகுப்புக்குள் வந்து, பதிவில் இருக்கும் படத்தோடு முகத்தைச் சரிபார்ப்பா. மூன்று தரம் வாசித்தேன்.

யூன் 9, செவ்வாய்

பதிவில் இருப்பது அக்காவின் படம். அக்காவின் பெயர். அக்காவின் ஏ.எல். பரீட்சைச் சேட்டிபிக்கற். கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போகும்போது, "சும்மா இருக்கிறாய்தானே, இதைச் செய்" என்று லொகினைத் தந்துவிட்டுப் போனாள். மாயா அதற்குப் பிறகு சேர்ந்த பிள்ளை. வேறு இரண்டு பேர் இருந்தார்கள், நின்றுவிட்டார்கள். இப்போது மாயா மட்டும்.

நான் பத்தாம் ஆண்டோடு நின்றவள். அம்மாவின் ஒபரேசனுக்கு ஒரு வருடம் வீட்டில் நின்றேன். பிறகு கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு போய் இருக்க வெட்கம். பள்ளிக்கூட அதிபர் சிஸ்டர் இரண்டு தரம் வீடு தேடி வந்தா. நான் குசினிக்குப் பின்னால் நின்றேன். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ சிஸ்டர்" என்று அம்மா சமாளித்தா. மூன்றாம் தரம் சிஸ்டர் வரவில்லை.

அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"இதுக்கே அழுறாய்? ஞாயிறு வாறன். திங்கள் நான் முன்னால இருக்கிறன், நீ கீழ இருந்து சொல்லித் தா. சுப்பர்வைசர் ஒரு நாள்தானே வருவா. பிறகு நெட் சரியில்லை எண்டு கமராவை நிப்பாட்டு."

நெட் விஷயம் பொய்யில்லை. எங்கள் பேசாலையில் சில நேரம் போன் தானாகக் கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியா டவருக்குப் போய்விடும். 'இந்தியாவுக்கு நல்வரவு' என்று மெசேஜ் வரும், வகுப்பு அறும்.

அப்பா கிழிந்த மீன்வலையைப் பொத்திக்கொண்டு கேட்டார். "அந்தப் பிள்ளையின்ட தாயிட்ட உண்மையைச் சொன்னா என்ன?"

சொல்லலாம் என்றேன். சொல்ல மாட்டேன் என்று அவருக்கும் தெரியும். திரும்பிப் பார்க்காமல் பொத்தினார்.

யூன் 12, வெள்ளி

வெயில். காற்று கொஞ்சம் குறைவு.

மாயா கழுதைப் படம் கீறி வைத்திருந்தாள். ஐந்து கால். ஒன்று வாலாம்.

"மிஸ், நீங்க எப்பிடி இருப்பீங்க?"

"சாதாரணமா."

"கழுதை மாதிரியா?"

"கொஞ்சம்."

சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்து சரிந்துவிட்டாள். அந்தச் சந்தோசத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "திங்கள் என்னைப் பார்ப்பீங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப இந்தப் படத்தை உங்களுக்குக் காட்டுவன். கலர் அடிச்சு."

இவ்வளவு நாளும் அவளிடம் பொய் என்று ஒன்றும் சொல்லவில்லை. பெயரைக்கூட அவள் கேட்டதில்லை. மிஸ் என்றால் மிஸ். இதுதான் முதல் பொய்.

யூன் 13, சனி

அந்தோனியார் திருநாள். பூசைக்குக் கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். திங்கள் ஒரு மணிக்குச் சிக்னல் அறுந்துபோக வேண்டும் என்று மன்றாடினேன். கேட்கக்கூடாத மன்றாட்டு.

யூன் 14, ஞாயிறு

அக்கா வந்தாள். மேசைக்குப் பெரிய விரிப்பு போட்டாள், நிலம் வரை. நாளைக்குத் தேவையானவை எழுதிக் கொடுத்தேன்: பக்கம் 14. சொற்கள் பத்து. மெதுவாக வாசிக்க வேண்டும். பிழை விட்டால் திருத்தக்கூடாது, திருப்பி ஒருக்கா சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கழுதையைப் பற்றி எழுதவில்லை. அதைப் பாடம் என்று யாரிடம் சொல்வது?

யூன் 15, திங்கள்

வத்தகப்பழத் தோல் வைக்கவில்லை. சுப்பர்வைசர் வரும் நாளில் சத்தம் வேண்டாம் என்று.

ஒரு மணி. அக்கா பவுடர் போட்டுக் கதிரையில். நான் விரிப்புக்குள், அவளுடைய காலடியில், கையில் புத்தகம். சிக்னல் நல்ல தெளிவு.

"வணக்கம் மிஸ். படமும் நீங்களும் ஒண்டுதான், சரி. தொடங்குங்கோ" என்றா சுப்பர்வைசர்.

அக்கா வாசித்தாள். வேகம். மாயாவின் சத்தமே இல்லை. படம் காட்டினாளா தெரியாது, எனக்கு மேசையின் அடிப்பலகை மட்டும் தெரிந்தது.

அப்போது கத்தியது. தோல் இல்லாமலும் வந்துவிட்டது.

"மிஸ், எண்ணுவமா?" சின்னக் குரல்.

அக்கா, "ஐயோ சொறி மேடம், றோட்டில கழுதை" என்று மைக்கை நிறுத்தினாள். நான் அவளுடைய பாவாடையை இழுத்தேன். "எண்ணு, எண்ணு" என்றேன். "என்னத்தை?" என்று காலால் தள்ளினாள். கழுதை ஓய்ந்த பிறகுதான் மைக்கைத் திறந்தாள்.

மாயா சொன்னாள், "இது என்ட மிஸ் இல்லை."

சுப்பர்வைசர் சிரித்தா. "முதல் தரம் முகத்தைப் பாக்கிறதுதானே. பிள்ளைக்கு வெட்கம்."

"என்ட மிஸ் எண்ணுவா." பிறகு, "மிஸ், நீங்க எங்க?"

அது அக்காவிடம் கேட்டதில்லை.

'இஞ்ச' என்று ஒரு சொல் போதும். வாயைத் திறந்துதான் வைத்திருந்தேன். அக்காவின் கால் பெருவிரலில் பழைய நகப்பூச்சு, பாதி உரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாய் வந்து, "சொறி மிஸ், இண்டைக்கு இவளுக்கு ஏலாமல் இருக்குப் போல" என்று நிறுத்தினா.

அக்கா விரிப்பைத் தூக்கினாள். "முடிஞ்சுது. பாஸ். வெளியில வாடி."

யூன் 17, புதன்

அக்கா நேற்றுக் காலை பஸ்ஸில் போய்விட்டாள்.

தோல் வைத்தேன். ஒரு மணிக்கு முன்னமே வகுப்புக்குள் போய்விட்டேன், கமரா இல்லாமல். ஒன்று பத்து. ஒன்று இருபது. மாயா வரவில்லை. ஒன்றரைக்குத் தானாக மூடிக்கொண்டது.

யூன் 18, வியாழன்

இரண்டு மெயில்.

ஒன்று: சரிபார்ப்பு முடிந்தது, நன்றி, புதிய மாணவர் ஒருவர் தரப்படுவார்.

மற்றது, மாயாவின் தாய் கொம்பனிக்கு எழுதியதை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். மிஸ்ஸில் குறை ஒன்றுமில்லையாம். பிள்ளை இது வேறு மிஸ் என்று அழுகிறாளாம், லப்டொப்பைத் திறக்க விடுகிறாள் இல்லையாம். கொஞ்ச நாளைக்கு வகுப்பு வேண்டாமாம்.

அப்பாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "அந்தப் பிள்ளை சரியாத்தானே சொல்லியிருக்கு" என்றார். சாப்பிடக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

மாயாவின் தாய்க்கு எழுத இருந்தேன். 'நான்' என்று எழுதி, அதற்குப் பிறகு ஒன்றும் ஓடவில்லை. அழித்தேன்.

யூன் 19, வெள்ளி

திரும்பவும் காற்று. லப்டொப்பைத் துடைக்கவில்லை.

தோல் வைக்கவில்லை. ஆனாலும் ஒரு மணிக்கு வந்து வேலியில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது, கிழிந்த காது. கத்தியது. எண்ணினேன், வாய் விட்டு. குசினியில் இருந்து அம்மா, "ஆரோட, பிள்ளை, கதைக்கிறாய்?" என்றா.

ஒன்பது.