சமையலறையில் மட்டும் வேறு பைப்

செவிலிமேடு, காஞ்சிபுரம்
புதன்கிழமை

அன்புள்ள பாலாவுக்கு,

அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அதிகம் அலையாமல் நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே அப்பாவும் சத்யாவும் நலம். நானும் நலம்தான், வலது கையையும் மனசையும் தவிர. கையில் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். நான் ஒழுகுது என்றால் இவள் நீர்க்கசிவு என்று எழுதுகிறாள், பத்தாம் வகுப்பில் தமிழில் முதல் மார்க் வாங்குகிற திமிர். போனில் சொன்னால் ஆகாதா என்று அப்பா கேட்கிறார். போனில் நான் வாயைத் திறந்தால் நீ "சைட்டுல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கீழ் வீட்டு ஷாஸியாவின் தம்பி ரெஹான் வெள்ளிக்கிழமை தோஹா வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், முழுக்கப் படி.

போன வாரம் சத்யாவை ஸ்கூலுக்கு பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால் நம் வீட்டு வாசல்படியிலிருந்து தண்ணீர் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கதவைத் திறந்து ஓடினேன். வாஷ்பேசினுக்கு அடியில் சுவரிலிருந்து குழாய்க்குப் போகிற சின்ன கனெக்ஷன் பைப், அதன் நட்டு வெடித்துப் பீய்ச்சி அடிக்கிறது. பதற்றத்தில் வெறும் கையால் பிடித்துத் திருகினேன், அது பிஸ்கட் மாதிரி நொறுங்கி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தையல் போட்டிருக்கிறார்கள், ஆறிக்கொண்டு வருகிறது, அதற்காகப் பயப்படாதே. என் கை போனால் போகட்டும், கீழே ஷாஸியா வீட்டுக் கூடத்தில் கடைக்காரர் குஞ்சம் கட்டக் கொடுத்திருந்த பட்டுப் புடவைகளை விரித்து வைத்திருந்தாள். அத்தனையும் மேல்கூரை வழியாக இறங்கிய தண்ணீரில் நனைந்து, அரக்குக் கரையின் சாயம் மஞ்சள் உடம்பில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கடையில் அவளுக்குப் புடவை கொடுப்பதில்லை. அவள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, "கையைக் காட்டுங்கக்கா" என்று தன் துப்பட்டாவைச் சுற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவளே அவள்தான். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

சாயங்காலமே உன் சிநேகிதன் வசந்த் பிளம்பரோடு வந்துவிட்டான். கட்டடம் கட்டி விற்றவன் இப்படி உடனே வந்து நிற்கிறானே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாத்ரூம், வாஷ்பேசின், துணி துவைக்கும் மெஷின் என்று எல்லா இடத்திலும் பைப்பையும் வால்வையும் கழற்றிவிட்டு நல்ல பித்தளையில் மாட்டினான். போகும்போது குரலைத் தாழ்த்தி, "பாலாவுக்காக உங்க வீட்டுக்கு மட்டும்தாம்மா பண்றேன், மத்தவங்க கிட்ட மூச்சு விடாதீங்க, குழாயை வேகமா திருப்பிட்டேன்னு சொல்லிடுங்க, அது போதும்" என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது மாடி சுகாசினி வீட்டில் ஒழுகியபோது அவள் மாமியார் குழாயை உடைத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். எல்லார் வீட்டிலும் இதே சாமான். வெளியே தகதகவென்று இருக்கிறது, உள்ளே போலி ஜரிகை மாதிரி ஒன்றுமில்லை. ஷாஸியாவைக் கூட்டிக்கொண்டு போய், "என் பிள்ளையோட சிநேகிதன் கட்டறான், கண்ணை மூடிக்கினு வாங்கு" என்று சொன்னவளும் நான்தான்.

இதெல்லாம் கூடப் பெரிதில்லை பாலா. பிளம்பர் சமையலறைக்குப் போய் சிங்க் அடியில் குனிந்தவன், "இங்க ஏற்கெனவே மாத்திட்டாங்களே, இது ஒண்ணு நல்ல சாமான்தான் இருக்குது" என்றான். வசந்த் சட்டென்று என் முகத்தைப் பார்த்தான், பிறகு செல்லைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். நான் அன்றிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். உலை வைத்துவிட்டு அரிசி போட மறக்கிறேன். சொட்டுச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தால் எழுந்து போய் ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்க்கிறேன், காய்ந்துதான் இருக்கிறது, திரும்பி வந்து உட்கார முடியவில்லை. நீ பொங்கலுக்கு வந்திருந்தபோது காந்தி ரோட்டு ஹார்டுவேர் கடையிலிருந்து ஒரு கவரோடு வந்து சிங்க் அடியில் படுத்துக்கிடந்தாய். என்னடா என்றதற்கு "சும்மா டைட் பண்றேன்மா" என்றாய். அன்று மாலை வசந்த் வீட்டுக்குப் போய் வந்தவன் சாப்பிடாமல் படுத்தாய். விடுமுறை முடிகிற வருத்தம் என்று நினைத்து நான் உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். நீ அங்கே பெரிய பெரிய கட்டடங்களுக்குத் தண்ணீர் பைப் வேலை பார்க்கிறவன், ஒன்றைக் கழற்றினால் மற்றது எப்படி இருக்கும் என்று உனக்கா தெரியாது?

இந்த இடத்தில் சத்யா பேனாவை வைத்துவிட்டாள். அண்ணனுக்குத் தெரிந்திருக்காது, இதை எழுதமாட்டேன் என்று அழுகிறாள். தெரியாது என்றால் அவன் சொல்லட்டும், நீ எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வருஷம் நீ வந்து வசந்தோடு சேர்ந்து பாலாற்றுப் பக்கம் கட்டப்போகிற கட்டடத்தைப் பற்றி அப்பா கவலைப்படுகிறார். "பையன் தொழில் தொடங்கற நேரம், வாயை மூடிக்கினு இரு" என்கிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கட்டடத்தையும் நான் யாரிடமாவது நல்லது என்று சொல்ல வேண்டி வரும் இல்லையா, எந்த வாயால் சொல்வேன்? பிளம்பர் கழற்றிய பழைய சாமானை வசந்த் கையோடு எடுத்துப் போகப் பார்த்தான். குப்பைக்காரியிடம் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கி வைத்தேன். நேற்று அதை எடுத்துக்கொண்டு ஷாஸியா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நீ மாற்றிய சமையலறை பைப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் அந்த நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப உங்க மேல தப்பில்லக்கா" என்றாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டை மாடியில் எல்லா வீட்டாரும் கூடுகிறோம். வசந்தையும் வரச் சொல்லியிருக்கிறது. உடைந்த சாமானை அங்கே வைத்து, எங்களுக்கு மட்டும் மாற்றிக்கொடுத்தான், எல்லா வீட்டுக்கும் மாற்றிக்கொடுக்க வேண்டும், ஷாஸியாவின் கடைக்காரரிடம் அவனே வந்து பேச வேண்டும் என்று சொல்லப் போகிறேன். சமையலறையில் மட்டும் யார் மாற்றியது என்று கேட்டால் என் பிள்ளை என்று சொல்வேன், பொய் சொல்ல எனக்கு வராது. யாரும் கேட்பதற்கு முன்னால் நீயே கூப்பிடு. என்னிடம் தனியாகப் பேச வேண்டாம். கூட்டம் நடக்கிறபோது கூப்பிடு, ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைக்கிறேன், உனக்குத் தெரிந்ததை நீயே எல்லாரிடமும் சொல். எதைச் சொன்னாலும் நீ என் பிள்ளைதான், போனைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில்தான் நிற்பேன்.

ரெஹானிடம் பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கொடுத்திருக்கிறேன். தனியாகக் காகிதத்தில் மடித்திருப்பது அந்த நட்டின் ஒரு துண்டு, விரல் ஜாக்கிரதை. காமாட்சி உன்னை நல்ல புத்தியோடும் ஆயுசோடும் வைத்திருக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி. ஞாயிற்றுக்கிழமை போனை சார்ஜில் போட்டு வை.

உன் அழைப்புக்காகக் காத்திருக்கும்
அம்மா,
வடிவாம்பாள்