எட்டரை மணி இந்திக்கு நான் சொன்ன தமிழ்

இன்று காலை வீட்டுப் பழைய டிவியைக் காயலான் கடைக்குப் போடுமுன் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். சூடேறிய தூசி வாசனை. உடனே நீ நினைவில் வந்துவிட்டாய் மச்சான், இடுப்பில் பஞ்சாயத்து டிவி சாவியோடு.

தொண்ணூற்றொன்றில் நம் வடக்குப்பட்டில் அந்த டிவியின் மரப்பெட்டியைத் திறக்கும் அதிகாரம் உனக்கு. எட்டரை மணி இந்திச் செய்தியைத் தமிழில் சொல்லும் அதிகாரம் எனக்கு. பம்பாயில் இருந்தவன் அல்லவா நான்! என் தமிழைக் கேட்க வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். நான் முடிக்கட்டும் என்று செய்தி வாசிக்கிற அம்மாவே மூச்சு வாங்கி நிறுத்துவாள்.

அதுவரை நமக்குத் தேசம் என்பது பள்ளிக்கூடச் சுவரில் வரைந்த படம். உன் மகன் பட்டாளத்தில் சேர்ந்து காஷ்மீர் போனபின், டிவியில் பனி விழுந்தால் இங்கே நீ துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்வாய். "பையனுக்குக் குளிருமே" என்று தெருவே உச்சுக்கொட்டும்.

பொங்கலுக்கு முந்தின வாரம், ராணுவத்துப் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு ரயிலேறுவதைக் காட்டினார்கள்.

"இன்னா சொல்றாங்கோ மச்சான்?" என்றாய். மகனிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உன் முகத்தைப் பார்த்தபின் என் வாய் சும்மா இருக்குமா?

"தெற்கத்திப் பசங்களுக்கெல்லாம் பொங்கல் லீவாம்!" என்றேன்.

மறுநாளே வீட்டுக்கு வெள்ளையடித்தாய். பிறகு மூன்று நாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாய். மூன்றாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. தேடி வந்து, பக்கத்தில் நின்று சொன்னேன்: "எனக்கு இந்தி தெரியாது மச்சான்."

"தெரியும். பம்பாய்ல மூணு மாசம் தட்டு கழுவுனவனுக்கு இன்னா இந்தி வரும்?"

"அப்போ ஏன்யா இங்க நின்னுகினு கீற?"

"ரயில் ஏறினதுல ஒருத்தன்கூட நம்ம பையன் இல்ல. ஆனா எல்லாம் நம்ம பசங்க மாதிரியே தெரிஞ்சுதுடா. வூட்ல குந்த முடியல."

என் முதுகில் ஒன்று போட்டாய். "இனிமே தெரிஞ்சத மட்டும் சொல்லு. தெரியாதத நான் பாத்துக்கறேன்."

சித்திரையில் உன் மகன் வந்தான், ஒரு சுற்றுப் பெருத்து. கொண்டுவந்த ஆப்பிள் ஊருக்கே ஆளுக்கு இரண்டு வந்தது. மூன்று என்றுதான் நான் சொல்லிவருகிறேன்.

அதற்கப்புறம் லாரி டிரைவர்களைப் பிடித்து நிஜமாகவே இந்தி கற்றேன். இன்று டில்லிக்காரனே என்னிடம் சந்தேகம் கேட்பான்.

ஒரகடம் கம்பெனிகளில் வேலைபார்க்கிற வடக்கத்திப் பிள்ளைகள் இப்போது ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நம் தமிழ்ச் செய்தியை அண்ணாந்து பார்க்கிறார்கள். போன மாதம் பீகாரில் வெள்ளம். அந்த ஊர்க்காரன் ஒருவன், என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டான். ஒரு சொல் கூட்டாமல் இந்தியில் சொன்னேன். அவன் கிராமத்தின் பெயர் செய்தியில் வரவில்லை. வரவில்லை என்றே சொன்னேன்.

கம்பெனி பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. அடுத்த செய்தி வரைக்கும் நானும் அவனோடு நின்றேன்.