சக்களத்திக்கு ஆயில் மாற்றினேன்

எனக்கு மட்டுமே அத்தானாக இருந்திருக்க வேண்டிய உங்களுக்கு,

மேலகரத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. கொடியில் போட்ட துணி காய மறுக்கிறது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது, வெளியூர் வண்டிகள் வர ஆரம்பித்தாயிற்று. அருவிக்கரையில் நீங்கள் வைத்திருந்த துண்டுக் கடையை உங்கள் தம்பி திறந்துவிட்டார். நல்லெண்ணெய் பாட்டிலை உங்களைப் போல அடுக்கத் தெரியவில்லை, ஆனால் வியாபாரம் நடக்கிறது. இதோடு நிறுத்திக்கொண்டு அன்பாக ஒரு கடிதம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. உங்கள் மேல் எனக்கு ஒரு வழக்கு பாக்கியிருக்கிறது.

வழக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். அவளைப் பற்றியது. வாசலில் நிற்கிற அந்த வெள்ளை டீசல் காரைப் பற்றியது.

நான் உங்கள் சொந்த மாமன் மகள். தொட்டிலில் கிடக்கும்போதே உங்களுக்கென்று பேசி வைத்தவள். அவள் நேற்று வந்தவள், அதுவும் மாதத் தவணையில் வந்தவள். ஆனால் காலையில் எழுந்ததும் நீங்கள் போய் நின்றது அவள் முன்னால்தான். பானட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். பிறகு விரலால் தொட்டு மூக்குக்குக் கொண்டுபோவீர்கள். என் மீன்குழம்பை ஒருநாளாவது அப்படி முகர்ந்து பார்த்ததுண்டா?

ஆயில் மாற்ற கம்பெனி புத்தகத்தில் ஒரு தூரம் போட்டிருந்தது. அதில் பாதி ஓடுவதற்குள் அவளுக்குப் புது ஆயில் வந்துவிடும். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளத்தான் வருகிறார்கள். அவர்களுக்கெல்லாம் எண்ணெய் விற்ற மனிதர் என் உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்ததுண்டா? அவளுக்கு மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றினீர்கள்.

உங்கள் கடைக்கு அவளை எடுத்துக்கொண்டு போனதே இல்லை. பழைய மொபெட்டில், தலையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, சாரலில் நனைந்தபடி போவீர்கள். "கார எடுத்துட்டுப் போனா என்ன, தேஞ்சா போயிரும்?" என்று கேட்டால், "இந்தா இருக்குத குத்தாலத்துக்கு அத எதுக்குட்டி எழுப்பணும்?" என்பீர்கள். அவளை எழுப்பக்கூடாதாம்! விடியுமுன்னே எழுந்து இட்லி ஊற்றியவள் நான்.

எனக்கு முட்டுவலி வந்த பிறகு வாங்கிய கார் என்பதை மறக்கவில்லை. காலையில் தென்காசியில் என் தையல் கடை வாசலில் இறக்கிவிடுவீர்கள். மதியம் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்து மறுபடி கொண்டுபோய் விடுவீர்கள். சாயங்காலம் வந்து அழைப்பீர்கள். சந்தைக்கும் கார்தான், ஆஸ்பத்திரிக்கும் கார்தான். அந்தச் சுகத்துக்காக மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பொறுக்க முடியவில்லை.

ஞாயிறு காலை என்னை சர்ச் வாசலில் இறக்கிவிட்டு நீங்கள் உள்ளே வரமாட்டீர்கள். அவளும் நீங்களுமாகக் கிளம்பிவிடுவீர்கள். உள்ளே எல்லாரும் புருஷனோடு உட்கார்ந்திருப்பார்கள், நான் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிற நேரத்துக்குச் சரியாக வாசலில் வந்து நிற்பீர்கள்.

"எங்க போயிட்டு வாறிய?"

"வாசுதேவநல்லூர் வரைக்கும்."

"அங்கன யாரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்லட்டி. வண்டிக்குச் சூடு ஏறணும்லா, அதான்."

பங்குனி வெயிலிலும் இதே பதில்தான். ரோட்டில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை, இவர் வண்டிக்குச் சூடு போதவில்லை! வரும் வழியில் புளியங்குடியில் எலுமிச்சம்பழம் வாங்கி வருவீர்கள், சாட்சிக்கு. ஊறுகாய் போட்டுப் போட்டு வீட்டில் ஜாடி வைக்க இடமில்லாமல் போயிற்று.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மேரி அக்கா வந்து வத்தி வைத்தாள். "ஏட்டி ராணி, எந்தம்பி வாசுதேவநல்லூருக்கு வேலைக்குப் போனான்லா, அவன் பாத்திருக்கான். ஒரு பச்ச வீட்டு முன்னால உன் வீட்டுக்காரரு வண்டி நிக்குமாம். இஞ்சின அமத்தவே மாட்டாராம். ஒரு பொம்பள வந்து சன்னல் வழியா என்னத்தையோ குடுத்துட்டுச் சிரிச்சிட்டுப் போவாளாம்."

அன்றைக்கு நான் போட்ட சண்டை தெருக்கோடி வரைக்கும் கேட்டது. நீங்கள் சிரித்தீர்கள். "டீ குடிச்சேன்ட்டி" என்றீர்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு ஆகாது. பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருந்தால்கூட நம்பியிருப்பேன். சிரித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனீர்கள்.

அந்தச் சந்தேகத்தோடுதான் உங்களை அடக்கம் பண்ணினேன், அத்தான். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போதுகூட, முகம் தெரியாத பொம்பளை யாராவது ஓரமாக நின்று அழுகிறாளா என்று பார்த்தேன். இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உங்களுக்கு அங்கே யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

நம் பையன் சென்னையிலிருந்து "கார வித்துருங்கம்மா" என்றான். அவளை இன்னொருத்தன் கையில் பிடித்துக்கொடுக்க மனசு வரவில்லை. அவளை வைத்து வேலை வாங்க வேண்டும் என்று தோன்றியது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, லைசன்ஸ் வாங்கிவிட்டேன். கிளட்சை மிதிக்கும்போது முட்டு முனகும், இருந்தாலும் ஓட்டுகிறேன். முதல் நாள் சீட்டை முன்னால் இழுத்தேன். உங்கள் கால் நீளத்துக்கு இருந்த சீட்டு. அன்றைக்கு வண்டியை எடுக்காமல் உள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு கடை, சந்தை, சர்ச், வீடு. இதைத் தாண்டி அவளை எங்கும் கூட்டிப்போகவில்லை. ஊர் சுற்றியது போதும் என்று வைத்திருந்தேன். போன மாதம் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அணைகிற வழியாக இல்லை. வண்டியும் மேட்டில் ஏற முக்கியது. இலத்தூர் ரோடு பிரிகிற விலக்கில் உங்கள் மெக்கானிக் இசக்கியிடம் கொண்டுபோனேன்.

இசக்கியின் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. தெரிந்தது கொஞ்சம், தெரிந்ததாகச் சொல்வது மிச்சம். கம்பியை உருவிப் பார்த்தவன், "யக்கா, நீங்க எதும் ஆயில் ஊத்துனியளா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "பின்ன எப்படிக்கா அளவு கூடியிருக்கு?" என்று கம்பியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். டீசல் வாடை குப்பென்று அடித்தது.

"கிட்டத்துக் கிட்டத்துலயே ஓட்டிருக்கிய. இஞ்சின் சூடே ஏறாது. எரியாத டீசலு கீழ எறங்கி ஆயில்ல கலந்துரும். ஆயிலு தண்ணியாப் போயிரும், அளவு மட்டும் கூடும். இப்படியே விட்டா இஞ்சினத் தின்னுரும் பாத்துக்கிடுங்க. புத்தகத்துல போட்டிருக்கது தூர ஓட்டம் ஓடுத வண்டிக்கு. நம்ம ஓட்டத்துக்குப் பாதியிலயே மாத்திரணும்."

விளக்கு எதற்கு எரிகிறது என்று கேட்டேன். "புகைய வடிகட்டுத டப்பா ஒண்ணு கீழ இருக்கு. அதுல கரி சேந்துருக்கு. அது எரியணும்னா வாரத்துக்கு ஒருக்கா வண்டிய நல்லா விரட்டிச் சூடு ஏத்தணும். பாதியில அமத்துனா எரியுததும் பாதியில நின்னுரும். அண்ணாச்சி இதுக்குத்தான ஞாயித்துக்கெழம வாசுதேவநல்லூரு போவாவ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் உடனே நம்பிவிடவில்லை. ஆம்பிளைக்கு ஆம்பிளை சாட்சி சொல்வது உலகத்தில் நடக்காததா? சூடு ஏற்ற ரோடு வேண்டும், சரி. பச்சை வீடு எதற்கு? டீ கொடுக்கிறவளின் சிரிப்பு எதற்கு? அதை இசக்கியிடம் எப்படிக் கேட்பது?

ஆயில் மாற்றினான். அடியில் போல்ட்டைக் கழற்றியதும் பழைய ஆயில் மசி மாதிரிக் கறுத்து, ரசம் மாதிரி ஓடியது. உங்களைப் போல நானும் விரலால் தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பே இல்லை. சக்களத்தியாக இருந்தாலும், அவளை அந்த நிலையில் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டேன். கடையநல்லூர், புளியங்குடி என்று நீங்கள் போன ரோட்டிலேயே போனேன். வழியிலேயே அந்த மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது. வாசுதேவநல்லூரில் பச்சை வீட்டைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ரோட்டு மேலேயே இருக்கிறது. அதன் முன்னால் நிறுத்தினேன். இஞ்சினை அணைக்கவில்லை.

வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, டீக்கடை. அதிலிருந்து ஒருத்தி டீ கிளாஸோடு விறுவிறுவென்று வந்தாள். என்னைவிட இளையவள், தலை நிறையப் பிச்சிப்பூ. யார் ஓட்டுகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், கிளாஸை சன்னலுக்குள் நீட்டி, "எம்புட்டு மாசமாச்சு அண்ணாச்சி, ஆளையே காணும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கானது இல்லை. என் வயிறு எரிந்தது, அத்தான். உள்ளபடியே எரிந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க... மதினியா?" என்றாள்.

அவள் அண்ணன் பெண்டாட்டியாக நினைத்து மதினி என்றதில் எனக்குப் பாதி மூச்சு திரும்பி வந்தது. "அத்தான் தவறிட்டாவ" என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணீரும் எனக்குப் பிடிக்கவில்லை. "எங்க அத்தான் வாரா வாரம் இங்கன எதுக்கு வந்தாவ? உள்ளதச் சொல்லு" என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எறங்கவே மாட்டாவ மதினி. வண்டிய அமத்தவும் மாட்டாவ. ஒரு டீயக் குடிச்சிட்டு, 'சர்ச்சு விடுததுக்குள்ள போவணும்'னு திருப்பிருவாவ. எனக்கே ஒருநாளு பொறுக்கல. வண்டிக்குச் சூடு ஏத்தவா அண்ணாச்சி இம்புட்டுத் தூரம் வாறிய, இந்த வண்டியக் குடுத்துட்டு வேற வாங்கப்பிடாதான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"'எங்க வீட்டுக்காரிக்கு முட்டுவலிம்மா. வாசல்ல ஏறி வாசல்ல எறங்குதா. அந்தக் கிட்டத்து ஓட்டந்தான் வண்டியக் கெடுக்குன்னு மெக்கானிக்கு சொல்லுதான். வண்டி கெட்டா கெட்டுட்டுப் போவுது, அவ நடக்கப்பிடாது. ஆயில வெரசா மாத்திட்டு, வாரத்துக்கு ஒருக்கா இங்கன வந்து அதச் சரிக்கட்டிட்டுப் போயிருவேன்'னாவ."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"அன்னைக்கு எங்க வீட்டுல உள்ள மனுசன நெனச்சேன் மதினி. விடிய விடிய அடுப்புல நின்னு எனக்கு இடுப்பு ஒடியுது, ஏன்னு கேக்க நாதியில்ல. ஒங்க மொகத்தக்கூட நான் பாத்ததில்ல. ஆனா ஒங்க மேல எனக்கு அம்புட்டுப் பொறாம."

அத்தனை வருடம் நான் யாரை நினைத்துத் தூங்காமல் கிடந்தேனோ அவள், அத்தனை வருடமும் என்னை நினைத்துப் புழுங்கியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. டீயை வாங்கிக் குடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, டீ நன்றாகத்தான் இருந்தது.

இதோடு மனசு லேசாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. திரும்பும்போது புளியங்குடியில் எலுமிச்சம்பழம் வாங்கினேன், வீடு வந்து சேருவதற்குள் வயிறு மறுபடி எரிய ஆரம்பித்துவிட்டது. ஏன் அத்தான் அதை என்னிடம் சொல்லவில்லை? "வண்டிக்குச் சூடு ஏறணும்" என்ற பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, எனக்குச் சேர வேண்டிய மீதிப் பாதியைப் பிச்சிப்பூக்காரியிடம் போய்க் கொடுத்திருக்கிறீர்களே! என்னிடம் சொன்னால் வண்டி கெடக்கூடாதென்று நான் நடக்க ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்தீர்களா?

ஆமாம், நடந்திருப்பேன். வீம்புக்காகவாவது நடந்திருப்பேன். என்னை அந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தவர், எனக்கு அந்தச் சொல் வேண்டியிருந்ததை மட்டும் எப்படித் தெரிந்துகொள்ளாமல் போனீர்கள்?

சரி, ஒரு வாக்குத் தருகிறேன். புத்தகக் கணக்கைப் பார்க்காமல் பாதியிலேயே அவளுக்கு ஆயில் மாற்றுவேன். காலையில் கம்பியை உருவி, தொட்டு, முகர்ந்து பார்ப்பேன். வாரத்துக்கு ஒருநாள் வாசுதேவநல்லூர் வரைக்கும் ஓட்டிவிட்டு வருவேன், ஆராதனை முடிந்த பிறகுதான், போதகர் கோபித்துக்கொள்கிறார். கிட்டத்து ஓட்டத்தையும் விடமாட்டேன். வாசலில் ஏறி வாசலில்தான் இறங்குவேன். அது எனக்கென்று நீங்கள் வைத்துவிட்டுப் போனது.

போகும்போதெல்லாம் பிச்சிப்பூக்காரியிடம் அதைத் திரும்பச் சொல்லச் சொல்கிறேன். உங்களை மாதிரியே குரலை இறக்கி, "அவ நடக்கப்பிடாது" என்கிறாள். நன்றாகத்தான் சொல்லுகிறாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் அங்கே வந்து சேருகிற அன்றைக்கு நலம் விசாரிக்க வேண்டாம், பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வேண்டாம். முதலில் அதை உங்கள் வாயால் என்னிடம் சொல்லுங்கள். அதுவரைக்கும் இந்தப் பொறாமையை ஆறவிடமாட்டேன்.

யாருக்கும் உங்களை விட்டுக்கொடுக்காத மாமன் மகள்,
ஜெயராணி