ரப்பர் நாக்கும் பேட்டன்ட் பத்திரமும்

திருவொற்றியூர் குப்பம்,
புதன்கிழமை.

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும், பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத என் பேத்தியும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டிவிடு. போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டினேன். மூக்கு என்னுடையது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், ஒப்புக்கொள்ளாதவளுக்கு இரண்டாம் தடவையும் காட்டினேன்.

பேட்டன்ட் விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் படித்துவிட்டுக் கத்து. உனக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட நீ கொடுத்த பவர் பத்திரத்தோடு நேற்று வக்கீல் டெபோராவைக் கூட்டிக்கொண்டு மாதவரம் கம்பெனிக்குப் போனேன். என் கூடையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டுகிறது என்று வண்ணாரப்பேட்டை பஸ்ஸிலிருந்து என்னை இறக்கிவிட்ட கோபத்தில் கல்லூரியில் செய்தாயே சொட்டாத ஐஸ் பெட்டி, அதையும் கம்பெனி கேட்டபடி தூக்கிக்கொண்டு போனேன். கையெழுத்துப் போட்டால் பேட்டன்ட் உன் பெயரிலிருந்து கம்பெனி பெயருக்கு மாறிவிடும், பிறகு பெட்டியைச் செய்து விற்கிற உரிமை அவர்களுடையது என்று டெபோரா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நம் ஆட்கள் படகை விற்றால் வெறுங்கையோடா இறங்குவார்கள். கயிற்றில் ஒரு முழமாவது அறுத்துக்கொண்டுதானே இறங்குவார்கள், இல்லாவிட்டால் வீட்டு ராசியும் படகோடு போய்விடும் என்று உன் அப்பா சொல்வாரே. பெட்டியில் கயிறு இல்லை. அதனால் அடித்தட்டிலிருந்த சின்ன ரப்பர் நாக்கைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அதுதான் தண்ணீரை நிறுத்துகிறது என்று எனக்கு என்ன தெரியும், நீ சொன்னாயா. மேனேஜர் ஜெகதீசன் நாலு பேர் பார்க்க ஐஸும் தண்ணீரும் ஊற்றிப் பெட்டியைச் சாய்த்தார். அத்தனையும் அவர் மடியில் இறங்கிவிட்டது. இன்னாம்மா, சொட்டாதுன்னு சொல்லி ஆத்தையே தொறந்து வுட்டுட்டியே என்று அவர் எழுந்து நிற்க, பக்கத்திலிருந்தவர் பத்திரத்தை எடுத்து மூடிவிட்டார். உன் நாலு வருஷ உழைப்பு போய்விடுமே என்று, வெட்கத்தைப் பார்க்காமல் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். டெபோரா அதைப் பொருத்தி மறுபடி ஊற்றினாள், ஒரு சொட்டு இல்லை. இது இல்லாம ஒழுகுறதையும் பாத்துட்டோம், இப்பதாம்மா நம்பிக்கை வந்தது என்றார் மேனேஜர், ஈர பேன்ட்டோடு.

பிறகு டெபோரா பத்திரத்தைத் தமிழில் படித்துச் சொன்னாள். ஏழாம் பக்கத்தில், இந்தப் பெட்டியில் இனிமேல் நீ எந்தத் திருத்தம் கண்டுபிடித்தாலும் அதுவும் கம்பெனிக்கே சேரும் என்று ஒரு வரி. நான் பேனாவை மூடிவிட்டேன். வலைய வாங்குனா வலையத் தூக்கினு போ நைனா, என் பொண்ணு நாளைக்கு பின்னப்போற வலையும் உன்னுதா என்று கேட்டேன். எல்லாப் பத்திரத்துலயும் இருக்கிறதுதாம்மா, வழக்கம் என்றார் மேனேஜர். நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ்தான், ஆனா ஏழாம் பக்கம் வரைக்கும் வந்துட்டேனே என்றேன். டெபோரா இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் உள்ளே போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அந்த வரியை எடுத்துப் புதிதாக அச்செடுத்து வந்தார்கள். ஒருவர் கைநாட்டு மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். அதன்மேல் என் கைப்பையை வைத்துவிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் பச்சையம்மா என்று முழுசாக எழுதினேன். உரிமை கைமாறினாலும் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயர்தான் இருக்குமாம், அதை யாருக்கும் விற்க முடியாதாம். அந்தப் பக்கத்தை நகலெடுத்து லேமினேஷன் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

பத்திரத்தின் நகல் இதோடு வருகிறது, பத்திரமாக வை. எல்லையம்மன் உங்கள் மூவரையும் குறையில்லாமல் வைக்கட்டும். பத்தியச் சோறு சாப்பிடு, பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு. தூக்கம் வராவிட்டால் அந்தப் பெட்டியின் மூடிக்கு ஒரு வழி யோசி, மூடும்போதெல்லாம் விரலை நசுக்குகிறது. கம்பெனியில் நான் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா, உன் மகளின் ஆயா,
பச்சையம்மா